மாத்தளையில் கருஞ்சிவப்பு ரோஜா

கருஞ்சிவப்பு ஹைபிரிட் டீ ரோஜாவின் நிறத்தை வகை மட்டும் தீர்மானிப்பதில்லை. மொட்டு திரண்டு விரியும் வாரங்களில் செடி பட்ட வெயிலுக்கும் இரவின் குளிருக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. ஒரே தாய்ச்செடியிலிருந்து ஒட்டிய இரு கன்றுகளில் ஒன்றைக் குளிரான நுவரெலியாவிலும் மற்றதைச் சூடான தம்புள்ளையிலும் நட்டால், முதலாவது கறுப்பென்றே மயங்கவைக்கும் வெல்வெட் பூவைத் தரும். இரண்டாவது தருவது சிறிய பூ; இதழ் குறைவு, ஓரம் கருகல், இரண்டாம் நாளே ஊதாப் பாய்ச்சல். இலங்கையின் மாத்தளை நகரம் இந்த இரண்டுக்கும் நடுவில் கிடக்கிறது. இங்கே இந்த ரோஜாவை வளர்ப்பதில் பசளையைவிட வெப்பத்தைச் சமாளிப்பதே பெரிய வேலை.

மாத்தளை நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 360 மீற்றர் உயரத்தில் உள்ளது. ஏ9 வீதியில் வடக்கே சுமார் 45 கிலோமீற்றர் போனால் தம்புள்ளை. உயரம் 200 மீற்றருக்கும் குறைவு, முழுக்க உலர் வலயம். நகரிலிருந்து கிழக்கே இரத்தோட்டை வழியாக ஏறினால் 30 கிலோமீற்றர் அளவில் நக்கிள்ஸ் மலைத்தொடரின் ரிவர்ஸ்டன். 1,400 மீற்றரைத் தொடும் உயரம், அடிக்கடி மூடுபனி. ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை செல்சியஸ் குறையும். ஆகவே தம்புள்ளைத் தோட்டத்துக்கும் ரிவர்ஸ்டனை அண்டிய தோட்டத்துக்கும் இடையில் சுமார் எட்டுப் பாகை வித்தியாசம் இருக்கும். ஒரே மாவட்டத்துக்குள் இவ்வளவு வேறுபாடு இருக்கும்போது, 'மாத்தளையில் ரோஜா வருமா' என்ற கேள்விக்கு ஒற்றைப் பதில் கிடையாது.

ஹைபிரிட் டீ ரோஜாவுக்குப் பிடித்தது பகலில் 20 முதல் 27 பாகை, இரவில் 15 முதல் 18 பாகை. மாத்தளை நகரில் சராசரி வெப்பநிலை 25 பாகையை ஒட்டியே இருப்பதால் பகல் ஓரளவு சமாளிக்கக்கூடியது. இரவுதான் வருடத்தின் பெரும்பகுதியில் தேவைக்கு மேல் சூடாக இருக்கிறது. இரவு வெப்பம் 20 பாகையை ஒட்டி இறங்குவது மார்கழி, தை, மாசி மாதங்களில்தான். நல்ல கருஞ்சிவப்புப் பூ இந்த நகரத்தில் பெப்ரவரியில் கிடைப்பதற்கும், அதே செடி ஏப்ரலில் ஏமாற்றுவதற்கும் காரணம் இதுதான்.

சிவப்பு ரோஜாவின் நிறமி சயனின். அந்தோசயனின் என்ற பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. இதழின் மேற்தோல் உயிரணுக்களுக்குள் இருக்கும் நீர்க்குமிழில் கரைந்து கிடக்கும். ஜெர்மானிய வேதியியலாளர் ரிச்சர்ட் வில்ஸ்டாட்டர் 1913ஆம் ஆண்டில் இதை நீலநிறக் கார்ன் பூவிலிருந்து பிரித்தெடுத்தார். சிவப்பு ரோஜாவில் இருப்பதும் அதே பொருள்தான் என்று பின்னர் கண்டார். தாவர நிறமிகள் குறித்த ஆய்வுக்காக 1915இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஒரே பொருள் ஓரிடத்தில் நீலமாகவும் இன்னோரிடத்தில் சிவப்பாகவும் தெரிவது, அதைச் சுற்றியிருக்கும் அமிலத்தன்மையையும் அதனுடன் சேரும் உலோகங்களையும் துணைச் சேர்மங்களையும் பொறுத்தது. ரோஜா இதழின் சாறு அமிலமானது, ஆகவே சிவப்பு.

ஆனால் சிவப்பு வேறு, கருஞ்சிவப்பு வேறு. கருமை வருவதற்கு இரண்டு காரணங்கள் சேரவேண்டும். ஒன்று, நிறமியின் செறிவு. மற்றது இதழின் மேற்பரப்பு. நுணுக்குக்காட்டியில் பார்த்தால் அந்தப் பரப்பு மட்டமாக இராது. ஒவ்வொரு உயிரணுவும் கூம்பாக நிமிர்ந்து நிற்கும். கருஞ்சிவப்பு வகைகளில் இந்தக் கூம்புகள் நீண்டு நெருங்கியிருப்பதால் விழும் ஒளி அவற்றின் இடுக்குகளில் சிக்கி, நிறமியில் பலமுறை பட்டு, சிறிதளவே வெளியே திரும்புகிறது. வெல்வெட் துணியைப் போன்ற அந்த மினுக்கமற்ற ஆழம் இப்படித்தான் உண்டாகிறது. இதழின் அடிப்பக்கத்தில் கூம்புகள் இல்லை. அதனால்தான் இதழைத் திருப்பிப் பார்த்தால் நிறம் ஒரு படி வெளிறித் தெரியும்.

வெப்பம் கூடினால் செடி இந்த நிறமியைக் குறைவாகத் தயாரிக்கிறது. தயாரித்ததும் வேகமாகச் சிதைகிறது. 'ஜாகுவார்' என்ற சிவப்பு ரோஜாவை வைத்து இஸ்ரேலில் செய்யப்பட்டு 2003இல் வெளியான ஆய்வு ஒன்றில், மொட்டுப் பருவத்தில் ஒன்று முதல் மூன்று நாட்கள் பகலில் 39 பாகை வெப்பத்தில் வைக்கப்பட்ட செடிகளின் பூக்களில், 26 பாகையில் வளர்ந்தவற்றைவிட நிறமி குறைந்தது. இரவு வெப்பநிலை இரண்டு தொகுதிக்கும் 18 பாகைதான். மொட்டு கண்ணுக்குச் சிறிதாகத் தெரியும்போதே அதன் நிறத்தில் கைவைத்துவிடும் வல்லமை ஓரிரு கடும் வெயில் நாட்களுக்கு உண்டு என்பதே இதன் பொருள். பூ விரிந்தபின் நிழல் கட்டுவது காலங்கடந்த வேலை.

விரிந்த பூவுக்கு வேறு இரண்டு ஆபத்துகள். கருமையான இதழ் வெளிர் இதழைவிட அதிக வெயிலை உறிஞ்சிக் காற்றைவிடச் சூடாகிறது. நடுப்பகலில் அதன் ஓரம் கருகிச் சுருள்கிறது. வெள்ளை ரோஜாவும் கருஞ்சிவப்பு ரோஜாவும் அருகருகே நிற்கும் பாத்தியில் ஏப்ரல் மாதத்தில் எது முதலில் கருகும் என்று கேட்கத் தேவையில்லை. மற்றது 'நீலம் பாய்தல்'. பூ முதிரும்போது இதழில் சீனி தீர்ந்து, உயிரணு தன் புரதத்தையே எரிக்கத் தொடங்கும். அதில் பிறக்கும் அமோனியா சாற்றின் அமிலத்தன்மையைத் தணிக்கும். சயனின் சிவப்பிலிருந்து ஊதாவுக்கு நகரும். சூட்டில் இதழின் சுவாசம் வேகமாவதால் சீனி சீக்கிரம் தீர்கிறது. நுவரெலியாவில் ஒரு வாரம் எடுக்கும் மாற்றம் தம்புள்ளையில் இரண்டு நாட்களில் முடிந்துவிடுகிறது.

ஐரோப்பிய ரோஜாக்களில் உண்மையான இரத்தச் சிவப்பு பழங்காலத்தில் இல்லை. இருந்தவை இளஞ்சிவப்பும் ஊதா கலந்த செம்மையும்தான். 1790களின் தொடக்கத்தில் இங்கிலாந்துக்கு வந்த 'ஸ்லேட்டர்ஸ் கிரிம்சன் சைனா' என்ற சீனத்து ரோஜாதான் வாடினாலும் மங்காத சிவப்பைக் கொண்டுவந்தது. வருடம் முழுவதும் பூக்கும் பண்பும் சீன ரோஜாக்களின் கொடைதான். அந்தப் பண்புக்குக் காரணம் பூப்பதைத் தடுக்கும் மரபணு ஒன்றில் வேறொரு மரபணுத் துண்டு போய்ச் செருகிக்கொண்டதே என்று 2012இல் கண்டறியப்பட்டது. தடை செயலிழந்ததால் ஒவ்வொரு புதுக் கிளையும் ஒரு பூவில் போய் முடிகிறது. பகலின் நீளம் வருடத்தில் ஐம்பது நிமிடமளவே மாறும் மாத்தளை போன்ற இடத்தில், பருவத்தை எதிர்பார்க்காத இந்தக் குணம் இல்லாவிட்டால் ரோஜா வளர்ப்பதில் பயனே இருந்திராது.

முதல் ஹைபிரிட் டீ என்று பொதுவாக ஏற்கப்படுவது பிரான்சின் லியோனில் கியோ என்பவர் வளர்த்து 1867இல் வெளியிட்ட 'லா பிரான்ஸ்'. அது இளஞ்சிவப்பு. கருஞ்சிவப்பு வரிசைக்கு வேர் 1853இன் 'ஜெனரல் ஜாக்மினோ'. அதன் வழியில் 1935இல் ஜெர்மனியின் கோர்டெஸ் தந்த 'கிரிம்சன் குளோரி' ஒரு தலைமுறைக்கே அளவுகோலாக இருந்தது. மணமும் நிறமும் அதற்கு ஈடில்லை. காம்பு மட்டும் மெலிந்தது, பூ தலைகுனிந்தே நிற்கும். 1952இல் வோல்டர் லாமர்ட்ஸ் உருவாக்கிய 'கிறைஸ்லர் இம்பீரியல்' அந்தக் குறையைச் சரிசெய்தது. அதனுடன் 'சார்ல்ஸ் மல்லெரான்' என்ற ரோஜாவைச் சேர்த்த கலப்பிலிருந்து மூன்று புகழ்பெற்ற பிள்ளைகள் பிறந்தன: பிரான்சில் மெய்லான் குடும்பத்தாரின் 'பாப்பா மெய்லான்' (1963), அமெரிக்காவில் சுவிம், வீக்ஸ் இருவரின் 'மிஸ்டர் லிங்கன்', 'ஒக்லஹோமா' (இரண்டும் 1964). தாய் தகப்பன் ஒன்றுதான். குணம் மூன்று விதம்.

மாத்தளைக்கு எது பொருந்தும் என்பதை இந்த மூன்றின் வேறுபாட்டை வைத்தே சொல்லிவிடலாம். 'மிஸ்டர் லிங்கன்' உயரமாக வளரும், காம்பு உறுதியானது, சூட்டைத் தாங்கும். மாத்தளை நகரம், உக்குவளை, யட்டவத்தை ஆகிய இடங்களுக்கு இதுவே முதல் தெரிவு. 'ஒக்லஹோமா' மூன்றிலும் கரியது. வெயிலில் நன்றாக விரியும், ஆனால் குளிர்ந்த ஈரத்தில் வெளி இதழ்கள் ஒட்டிக்கொண்டு மொட்டு விரியாமலே அழுகும். மழையும் மூடுபனியும் நிறைந்த மலைப்பக்கத்துக்கு அது ஆகாது. கலேவெல, நாவுல பக்கத்துக்கு ஆகும். 'பாப்பா மெய்லான்' அழகில் மற்ற இரண்டையும் மிஞ்சும். நோய்க்கு இளகியது; தூள் பூஞ்சணம் அதை விடாது. அனுபவம் இல்லாதவர் அதில் தொடங்காதிருப்பது நல்லது.

நடைமுறையில் நாற்றுமேடைகளில் கன்றுகள் பெரும்பாலும் பெயரில்லாமல் நிறத்தை வைத்தே விற்கப்படுகின்றன. அப்போது பூவைவிட மொட்டைப் பார்த்து வாங்குவது பாதுகாப்பு. கருஞ்சிவப்பு வகையின் மொட்டில் பச்சைப் புல்லிகள் விலகும் இடத்தில் தெரியும் முதல் இதழ் கறுப்பை ஒட்டி இருக்கும். இளந்தளிரும் பச்சையாக இல்லாமல் மெரூன் நிறத்தில் வரும். மொட்டில் சாதாரணச் சிவப்பாக இருப்பது விரியும்போது கறுப்பதில்லை. வெட்டுப்பூ வியாபாரத்துக்கென்று உருவாக்கப்பட்ட வகைகள், தமிழ்நாட்டின் ஓசூரில் பொலித்தீன் கூடாரங்களில் பெப்ரவரி 14ஐக் குறிவைத்து வளர்க்கப்படும் 'தாஜ்மஹால்' போன்றவை, திறந்த வெளியில் அதே தரத்தைத் தருவது அரிது. ஓசூர் ஏறத்தாழ 900 மீற்றர் உயரத்தில் இருப்பதையும் மறக்கக்கூடாது.

மணத்திலும் இதே வேறுபாடு உண்டு. வெட்டுப்பூக்கள் மணப்பதில்லை என்ற பொதுக் குறையின் காரணம் 2015இல் பிரெஞ்சு ஆய்வாளர்களால் ஓரளவு விளங்கியது. மணமுள்ள 'பாப்பா மெய்லான்' ரோஜாவையும் மணமில்லாத 'ரூஜ் மெய்லான்' ரோஜாவையும் ஒப்பிட்டு, ஜெரானியோல் என்ற மணப்பொருள் உருவாக உதவும் நொதியத்தின் மரபணு முதலாவதில் மும்முரமாகவும் இரண்டாவதில் ஏறக்குறைய உறங்கியும் இருப்பதை அவர்கள் காட்டினர். மணம் வேண்டுமானால் அது வகையிலேயே இருக்கவேண்டும். எந்தப் பசளையும் அதைக் கொண்டுவராது.

இடம் தெரிவதில்தான் மாத்தளைத் தோட்டங்களுக்கு உண்மையான சிக்கல். மிளகுக் கொடி ஏறிய கிளிரிசீடியா, சாதிக்காய், கராம்பு, கொக்கோ, பலா, பாக்கு என்று அடுக்கடுக்காக மரம் நிற்கும் வளவுகள் இவை. நிலம் வளமானது, ஆனால் ரோஜாவுக்கு வேண்டிய ஐந்து ஆறு மணித்தியால நேர் வெயில் அங்கே தரையைத் தொடுவதில்லை. திறந்த முற்றத்தில் நட்டாலோ நடுப்பகல் வெயில் நிறத்தைக் கெடுக்கிறது. இரண்டுக்கும் இடையிலான தீர்வு திசையில் இருக்கிறது. கிழக்கு திறந்தும் மேற்கில் மரமோ சுவரோ மறைத்தும் உள்ள இடமே சிறந்தது. காலை வெயில் இலையின் பனியை உலர்த்தி நோயைத் தடுக்கிறது. பிற்பகல் ஒரு மணிக்குப் பின் விழும் நிழல் மொட்டைச் சூட்டிலிருந்து காக்கிறது. கிழக்கே நக்கிள்ஸ் நிமிர்ந்து நிற்பதால் இரத்தோட்டை அடிவாரத்தில் சூரியன் தாமதமாகவே தெரியும். அங்கே கிழக்குப் பக்கம் ஒரு கிளைகூடக் குறுக்கே நிற்கக்கூடாது. அத்தகைய மேற்கு மறைப்பு இல்லாத வளவில் மார்ச், ஏப்ரல் மாதங்களுக்கு மட்டும் மெல்லிய நிழல்வலை கட்டலாம். ஏப்ரல் இரண்டாம் வாரத்தை ஒட்டிச் சூரியன் இந்த அகலாங்கில் நேர் உச்சிக்கு வருகிறது.

மலைப்பக்க மண் அமிலமானது; மழை சுண்ணாம்பைக் கழுவிச் செல்வதே காரணம். ரோஜாவுக்கு 6 முதல் 6.5 வரையான அமில அளவு போதும். தேயிலைக்கு இடும் டொலமைட்டையே ஒரு கையளவு குழி மண்ணில் கலந்து இரண்டு வாரம் விட்டு நடலாம். தம்புள்ளை, வில்கமுவ பகுதிகளில் கதை நேர் எதிர். அங்கே கிணற்று நீர் கடினமானது; தொடர்ந்து ஊற்றினால் மண்ணின் காரத்தன்மை ஏறி, இரும்பு வேருக்கு எட்டாமல் போகிறது. இளந்தளிர் மஞ்சளாகவும் நரம்பு மட்டும் பச்சையாகவும் நின்றால் அது பசளைக் குறைவு அல்ல. அங்கே டொலமைட் இடுவது நோயாளிக்கு அதே நோயை ஊட்டுவது. கூட்டெருவைக் கூட்டுவதும், பீலி நீரைத் தேக்கி ஊற்றுவதும் பலன் தரும்.

குழி 45 சென்ரிமீற்றர் அகலமும் ஆழமும் இருந்தால் போதும். மேல்மண், மக்கிய மாட்டெரு, கூட்டெரு, சிறிது மணல் ஆகியவற்றைக் கலந்து நிரப்பவேண்டும். சரிவான நிலத்தில் பாத்திக்கு மேற்புறம் சிறு கான் வெட்டிவிட்டால் மழைநீர் வேரில் தேங்காது. ரோஜா வேர் ஈரத்தைப் பொறுக்கும், தேக்கத்தைப் பொறுக்காது. செடிக்குச் செடி 75 சென்ரிமீற்றருக்குக் குறையக்கூடாது. சாடியில் வளர்ப்பவர்கள் 30 சென்ரிமீற்றருக்குக் குறையாத மண் சாடியைத் தெரிவது நல்லது. கறுப்புப் பிளாஸ்டிக் சாடி வெயிலில் வேரை அவிக்கிறது. தும்புச்சோறு ஈரத்தைப் பிடிக்கும், ஆனால் கலவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது.

தண்டுத் துண்டு ஊன்றிக் கன்று எடுப்பது எளிது. ஆனால் கருஞ்சிவப்பு ஹைபிரிட் டீ வகைகள் பல தம் சொந்த வேரில் மெலிந்தே நிற்கும். காட்டு ரோஜாக் கட்டையில் அரும்பொட்டு வைப்பதே நிலைக்கும் வழி. பென்சில் தடிப்புள்ள கட்டையில் ஆங்கில 'டி' எழுத்தைப் போல் பட்டையைக் கீறி, வேண்டிய வகையின் கண் ஒன்றைப் பட்டையோடு சீவிச் செருகி, கண் வெளியே தெரியப் பொலித்தீன் நாடாவால் இறுக்கவேண்டும். மூன்று வாரத்தில் கண் பச்சையாக இருந்தால் ஒட்டிக்கொண்டது. நடும்போது ஒட்டு மண்ணுக்கு மேலேயே இருக்கட்டும். அதற்குக் கீழிருந்து எழும் கிளை காட்டு ரோஜாவினுடையது. ஏழு சிற்றிலை இருந்தால் காடு, ஐந்து இருந்தால் நாடு என்ற வழக்கான அடையாளம் பல நேரம் பொய்க்கும். கிளை எங்கிருந்து புறப்படுகிறது என்று மண்ணை விலக்கிப் பார்ப்பதே சரியான சோதனை. அதை வெட்டாமல் அடியோடு பிய்த்தெடுக்கவேண்டும். வெட்டினால் அடியில் இருக்கும் கண்கள் இரட்டிப்பாக முளைக்கும்.

கவ்வாத்துக் காலம் தெரிவதில் மாத்தளைக்குச் சொந்தமான கணக்கு ஒன்று உண்டு. குளிர்நாட்டு நூல்கள் பனிக்காலம் முடியும்போது வெட்டச் சொல்கின்றன. இங்கே செடி உறங்குவதே இல்லை. பார்க்கவேண்டியது மழையும் பூக்கும் நாளும். மாவட்டத்தின் பெருமழை ஒக்டோபர் தொடங்கி டிசம்பர் வரை, சிறுமழை ஏப்ரலில். வெட்டிய கிளை பூக்க மாத்தளை நகரில் ஆறு முதல் ஏழு வாரம், மலைப்பக்கத்தில் எட்டு வாரம் அல்லது அதற்கு மேல். டிசம்பர் இருபதை ஒட்டி மழை ஓயும் நாளில் வெட்டினால் பெப்ரவரி தொடக்கத்தில், இரவு குளிர்ந்தும் பகல் தெளிந்தும் இருக்கும் வாரங்களில் பூ விரியும். வருடத்தின் மிகக் கரிய பூ அதுதான். மாத்தளை முத்துமாரியம்மன் கோவிலின் மாசி மகத் தேருக்குப் பூ வேண்டுபவர்கள் ஜனவரி நடுப்பகுதிக்குத் தள்ளவேண்டும். இரண்டாவது கவ்வாத்து மே மாதம். ஜூன் கடைசி, ஜூலைப் பூவுக்கு. அது இலேசாகவே இருக்கட்டும். ரிவர்ஸ்டன், லக்கல பக்கத்தில் அந்த மாதங்களில் தென்மேல் காற்று கிளையை முறிக்குமளவுக்கு வீசுவதால் அங்கே முதல் கவ்வாத்தை மட்டும் நம்புவது புத்தி.

தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து என்றால் செடியை மொட்டையாக்குவது. ரோஜாவுக்கு அது கூடாது. சூடான இடத்தில் இலைதான் செடியின் கையிருப்பு. தரைமட்டத்துக்கு வெட்டினால் அது மீள மாதங்கள் எடுக்கும், சில வேளை மீளாமலே போகும். காய்ந்தவை, பென்சிலைவிட மெலிந்தவை, ஒன்றையொன்று உராய்பவை ஆகிய கிளைகளை அடியோடு நீக்கி, மீதியை 50 அல்லது 60 சென்ரிமீற்றர் உயரத்தில் விடவேண்டும். வெட்டும் இடம் வெளிப்புறம் நோக்கிய கண்ணுக்கு அரை சென்ரிமீற்றர் மேலே, கண்ணின் எதிர்ப்பக்கம் சரிவாக. வெட்டிய முகத்தில் நடுச்சோறு வெள்ளையாகத் தெரியவேண்டும். பழுப்பாகத் தெரிந்தால் அந்தக் கிளையில் நுனிக்கருகல் இறங்கிவிட்டது. வெள்ளை தெரியும் வரை இன்னும் கீழே போகவேண்டும். பெரிய வெட்டுகளுக்கு போர்டோப் பசை பூசிவிடலாம். புதுக் கிளையின் உச்சி மொட்டைச் சுற்றிப் பக்க மொட்டுகள் எழும். அவை மிளகளவு இருக்கும்போதே கிள்ளிவிட்டால் ஒரே பூ முழு அளவில் வரும்.

பசளை பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. மாதம் ஒருமுறை செடிக்கு இரண்டு கையளவு மக்கிய எரு, கவ்வாத்துக்குப் பின் ஒருமுறை சிறிது கலப்புப் பசளை, அவ்வளவே. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு நவம்பரில் அந்தத் தடை நீங்கும் வரை நெல்லும் தேயிலையும் பட்ட பாடு பெரிது. முற்றத்து ரோஜாவை அது அசைத்திருக்கத் தேவையில்லை. யூரியா கூடினால் தண்டு மெலிந்து நீளும், அழுக்கணவன் மொய்க்கும், நிறமும் தணியும். சாம்பலில் கிடைக்கும் பொட்டாசியம் தண்டை உறுதியாக்கும். சாம்பலை அமில மண்ணில் மட்டும் இடலாம். அடியில் மானாப்புல்லோ கிளிரிசீடியா இலையோ பரப்பிவைத்தால் மண் குளிர்ந்திருக்கும். அது நிறத்துக்கும் உதவி. மழையற்ற நாட்களில் வாரம் இருமுறை செடிக்கு எட்டு முதல் பத்து லீற்றர் நீர், காலையில், அடியில்.

அடியில் என்பதற்குக் காரணம் கரும்புள்ளி நோய். இலையில் ஓரம் சிதறிய கரும்புள்ளிகள் தோன்றி, சுற்றிலும் மஞ்சளாகி, இலை உதிரும். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மாத்தளையில் ரோஜாச் செடி கம்பாக நிற்பதற்கு இதுவே முதற்காரணம். இந்த நோயை உண்டாக்கும் பங்கசின் வித்தி இலைக்குள் நுழைய இலை தொடர்ந்து ஏழு மணித்தியாலமாவது நனைந்திருக்கவேண்டும். மாலையில் இலைமேல் ஊற்றும் நீர் அந்த ஏழு மணித்தியாலத்தை இலவசமாகக் கொடுக்கிறது. காலையில் நனைந்து சீக்கிரம் உலரும் இலையில் அது நிறைவதில்லை. உதிர்ந்த இலைகளிலிருந்து மழைத்துளி தெறித்தே நோய் ஏறுவதால், அவற்றைப் பொறுக்கி எரிப்பதும் தரையில் மூடாக்கு இடுவதும் பாதி மருந்து. மழைக்காலம் முழுவதும் நோயற்ற இலையை எதிர்பார்ப்பவர் பத்து நாளைக்கு ஒருமுறை பங்கசுநாசினி தெளித்தே ஆகவேண்டும். அந்த அளவுக்குப் போக விரும்பாதவர், டிசம்பர்க் கவ்வாத்தோடு பழைய இலைகளையும் கழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம். வீட்டுத் தோட்டத்துக்கு இரண்டாவதே போதுமானது.

தூள் பூஞ்சணம் இதற்கு மறுதலை. அதற்கு நனைந்த இலை பிடிக்காது; குளிர்ந்த ஈர இரவும் உலர்ந்த பகலும் வேண்டும். அதாவது ஜனவரி, பெப்ரவரி, நல்ல பூவுக்கான அதே வாரங்கள். தளிரில் வெள்ளைப் பொடி கண்டவுடன் கந்தகத் தூளைக் கரைத்துத் தெளிக்கலாம். 30 பாகையைத் தாண்டும் வெயிலில் கந்தகம் இலையைச் சுடும் என்பதால் மாலை நேரமே ஏற்றது. வறட்சி மாதங்களில் பனிப்பூச்சி மொட்டுக்குள் புகுந்து இதழைச் சுரண்டும். வெள்ளை ரோஜாவில் பழுப்புக் கோடாகத் தெரிவது கருஞ்சிவப்பில் வெளிறிய தழும்பாகத் தெரியும். தாக்கப்பட்ட மொட்டுகளைக் கிள்ளி எரித்து, வாரம் ஒருமுறை வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்தால் கட்டுப்படும். மொட்டைப் பறித்துக் கடித்துப்போடும் குரங்குகளுக்கு மட்டும் எந்தக் கரைசலும் கிடையாது. கம்பிவலைக் கூடு ஒன்றே வழி, அது அழகாக இராது.

பூவைச் செடியிலேயே விட்டுவைப்பதைவிட வெட்டி வீட்டுக்குள் கொண்டுபோவது கருஞ்சிவப்பு வகைக்கு நல்லது. நடுப்பகல் வெயிலிலிருந்து அது தப்பும். புல்லிகள் கீழே மடங்கி, வெளி இதழ் ஒன்றிரண்டு தளரத் தொடங்கும் காலைதான் வெட்டும் நேரம். அதற்கு முன் இறுகிய மொட்டாக வெட்டினால் கழுத்து வளைந்து விரியாமலே போகும். வெட்டும் கிளையில் ஐந்து சிற்றிலை கொண்ட இலைகள் இரண்டையாவது செடியில் விடவேண்டும்; அடுத்த பூ அந்த இலைக் கக்கத்திலிருந்தே வரும். ஒரு லீற்றர் நீரில் ஒரு மேசைக்கரண்டி சீனியும் சில துளி தேசிக்காய்ச் சாறும் விட்டால் போதும். சீனி இதழுக்கு எரிபொருளாகிப் புரதம் எரிவதைத் தள்ளிப்போடுகிறது, ஊதா பாய்வதும் தள்ளிப்போகிறது. புளிப்பு நீரில் பக்றீரியா பெருகுவதைத் தடுத்துக் காம்பின் குழாய்களை அடைபடாமல் வைக்கிறது. இரண்டு நாளைக்கு ஒருமுறை நீரை மாற்றி, காம்பின் அடியை ஒரு சென்ரிமீற்றர் சரிவாக நறுக்கிவிடவேண்டும்.